கதவு சாத்தும் பண்டிகை

12.9.91
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இல்லை. அவர் போய் நாலு மாதம்.
வெள்ளானூரிலிருந்து அவர் அக்கா பஞ்சவர்ணம் வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. எந்த முகத்தோடு திறப்பது? சாவன்று அத்தனை பேர் எதிரில் “நீ வந்து போன மறுநாள்தான் அவரு செத்தாரு, வாசப்படி ஏறாதே”ன்னு கத்தினவ நான்தானே.

18.9.91
பக்கத்து வீட்டு மிரியம்பாய் நேற்று சாயங்காலம் சாத்திய கதவை இன்னும் திறக்கவில்லை. பம்பாய்க்காரர்கள், யூதர்கள். ஜன்னலில் பார்த்தால் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அடுப்பு எரியவில்லை.
எதிர்வீட்டு ஜெகதாம்பாள், “பாய் ஊட்டு நோம்பு” என்றாள்.
“ரம்ஜான் ஏப்ரல்லயே முடிஞ்சிட்ச்சே.”
“அப்ப சாவுதான்.”
அவர் போனபோது மூன்று நாள் மிரியம்பாய்தான் எனக்குச் சோறு அனுப்பினாள். குண்டானில் ரசம் சாதம் கொண்டுபோய்த் தட்டினேன். திறக்கவில்லை. வாசலில் வைத்தேன். ஜெகதாம்பாள் கொஞ்சம் ஒப்பாரி வைத்தாள். செத்தது யாரென்று தெரியாததால் பொதுவாக வைத்தாள்.

19.9.91
குண்டானில் அல்வா போட்டுக்கொண்டு மிரியம்பாய் வந்தாள்.
“யாரும் சாவலக்கா. கதவு சாத்துற பண்டிகை. பட்டினி கெடந்து சாமிகிட்ட மன்னிப்பு கேப்போம். நீங்க அழுததுல எங்க ஊட்டுக்காரரு பயந்துட்டாரு, நாமதான் செத்துட்டமான்னு.”
பட்டினிக்குப் பேர் பண்டிகையாம்.
“ஒரு நாள் பட்டினியில எல்லாப் பாவமும் போயிடுமா?”
“எல்லாரும் அப்டிதான் நெனைக்கிறாங்க. சாமிக்குச் செஞ்சதுதான் போவும். மனுசனுக்குச் செஞ்சத அவங்க கிட்டயே போய் கேக்கணும்.”
“மன்னிக்கலன்னா?”
“மறுபடி போணும். மூணு வாட்டி.”
சாவன்று பேசின பாவம் போகட்டுமென்று நாலு மாதமாக சனிக்கிழமை பட்டினி கிடக்கிறேன். அத்தனையும் தண்டமா?

20.9.91
வேலைக்குப் போனேன். வந்தேன்.

22.9.91
வெள்ளானூர். பஞ்சவர்ணத்தின் கதவு திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சாத்தினாள். கருவாட்டுக் குழம்பை வாசலில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஒன்று.

29.9.91
மறுபடி போனேன். சாத்தவில்லை. என் குண்டான் கழுவி வாசலிலேயே இருந்தது, உள்ளே முருங்கைக்கீரை.
“அண்ணி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடு.”
குண்டானை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு, “கொழம்புல உப்பே இல்ல. என் தம்பிக்கும் இப்டிதான் ஆக்கிப் போட்டியா?” என்றாள்.
“ஆமா.”
“உள்ள வா. கைய கழுவு.”
சாப்பிட்டேன். இரண்டோடு முடிந்தது. ஒரு வாட்டி மிச்சம் இருக்கிறது.