ஊர்ப்படை இருபத்துநான்கு பேர்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
18.08.2024

அன்புள்ள தம்பி தனோஜன்,

நாங்கள் நலம். உன் பெட்டி போன மாதம் வந்து சேர்ந்தது. முப்பது ஈயச் சிப்பாய்களும் கைகால் முறியாமல் வந்தார்கள். ஒருவனும் என் பெருவிரல் உயரம் இல்லை, அதற்குள் பொத்தானும் வாரும் வேறு. ரொறொன்ரோவில் உனக்கு வேறு பொழுதுபோக்கே கிடைக்கவில்லையா? அப்பாவின் மருந்துப் போத்தல் மூடிகளில் ஒவ்வொருவனையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு தீட்டுகிறேன். மாதிரிக்கு ஆறு பேரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

போனில் கதைக்கலாமே என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் கையில். நீ எடுத்தவுடன் நெஞ்சில் வைத்து ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுகிறார். நான் பக்கத்தில் நின்று “ஓம், சாப்பிட்டம்” என்பதோடு சரி. அவர் கேட்கக் கூடாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. சித்திர ஆசிரியர் நியமனத்துக்குப் போட்டிப் பரீட்சை எழுதினேன். எனக்கு முப்பத்தொன்பது, வயதெல்லை நாற்பது. இதை விட்டால் இனி இல்லை.

அன்றைக்குக் கீழ்க்கடை றுவைசின் மனைவி பஹ்மியா அப்பாவோடு இருந்தா. திரும்பி வரும்போது அப்பா அழுது முகம் வீங்கிக் கிடந்தார். தேத்தண்ணிப் பேணியைக் கரண்டியால் அடித்து அடித்துப் பேணியே நெளிந்துபோயிற்று. “மூண்டு மணித்தியாலம் சந்தையிலை என்ன செய்தனி?” என்று கேட்டார். மீன் விலை கூட என்று சொன்னேன். பாரிசவாதம் வந்த ஒன்பது வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பொய் அந்தச் சந்தைக் கதை.

அன்புடன்,
அக்கா சிவரூபி

ஸ்காபுறோ,
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு பேரும் வந்தார்கள். நல்ல வடிவு. ஆனால் கோவிக்காதீர்கள், ஒரு பிழை இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே நீலம், ஒரே வெள்ளைப் பட்டி, சப்பாத்து மினுங்குகிறது. பாடசாலை பாண்ட் வாத்தியக் குழு மாதிரி நிற்கிறார்கள்! இந்த ஆறு பேரை அரசாங்கப் படையில் சேர்த்துவிட்டேன்.

மிச்சம் இருபத்துநான்கு பேரும் ஊர்ப்படை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் கமக்காரர், கொல்லர், தச்சர். வீட்டில் போட்டிருந்த சட்டையோடு துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஒருவனைப் போல மற்றவன் இருக்கவே கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொருவன் தலையையும் வெட்டி வேறொரு உடம்பில் ஒட்டினேன். சட்டை சாயம் போகட்டும், முழங்காலில் சேறு இருக்கட்டும். இவர்கள் மூன்று மாதத்துக்குத்தான் கையெழுத்து வைப்பார்கள். தவணை முடிந்தால், சண்டை நடந்தாலும் மூட்டையைக் கட்டிவிடுவார்களாம்.

சித்திரை மாதம் எங்கள் சங்கத்தின் பெரிய போர்விளையாட்டுக் கண்காட்சி. அதற்குள் முடித்துத் தந்தால் போதும்.

பரீட்சை எழுதியது நல்லது, உங்களுக்கும் ஒரு மாற்றமாக இருந்திருக்கும். நீங்கள் அப்பாவோடு இருக்கிறபடியால்தான் நான் இங்கே கவலையில்லாமல் நித்திரை கொள்கிறேன், அக்கா. இதை நான் எப்போதும் நினைப்பேன்.

உங்கள் தம்பி,
தனோஜன்

திருகோணமலை,
20.10.2024

அன்புள்ள தம்பி,

ஊர்ப்படை என்று நீ எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குச் சண்டைக் காலத்து ஊர்காவல் படையின் முகம் இருக்கிறது. உனக்குச் சொல்லவும் வேண்டுமா? “தம்பியின்ரை பொம்மையள்” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சேறு பூசச் சொல்லுகிறாய். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் அழுக்குத் தோய்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் நீ சொன்னது விளங்கியது. கமக்காரனையும் கொல்லனையும் நான் எங்கே போய்ப் பார்ப்பது? மேசையை யன்னலோடு போட்டு, வீதியில் போகிறவர்களைப் பார்த்துத் தீட்டினேன். பிரவுண் சட்டைக்காரன் மூதூர் வள்ளத்துக்கு ஓடுகிறவன். கிழிந்த தொப்பிக்காரன் ஐஸ் பெட்டி தள்ளுகிறவர். முழங்கையில் ஒட்டுப்போட்டவன் றுவைஸ், பத்து வருடமாக அதே சட்டைதான். துவக்கைத் தவிர மற்றதெல்லாம் நம் வீதிதான். இருபத்துநான்கு பேரையும் அனுப்பிவிட்டேன். மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போகலாமாம்! கொடுத்து வைத்தவர்கள்.

இனி என் கதை. பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். நேர்முகமும் முடிந்தது. கிட்டத்தட்ட நிச்சயம் என்று சொன்னார்கள். அப்பாவுக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். முதல் ஆள் இரண்டு நாள், அடுத்தவர் அரை நாள். கஞ்சிக் கோப்பையை முகத்துக்கு எறிந்தால் யார் நிற்பார்கள்? அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். பயம். நான் குளிக்கப் போனாலே பேணியைத் தட்டத் தொடங்குவார். நீ ஒரு மாதம் வந்து நின்றால், உன் முகத்தைப் பார்த்து வேறு ஆளுக்கும் பழகுவார். வருவாயா?

அன்புடன்,
அக்கா

ஸ்காபுறோ,
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியைத் திறந்து ஒவ்வொருவனாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சங்கத்தில் எல்லாரும் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். “யார் தீட்டியது?” என்று ஒரே கேள்வி. என் அக்கா என்று சொன்னேன். உண்மையாகப் பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு குறை. கண்கள். மாறுகண் விழாமல் கருமணியை ஓரமாக வைத்தது சரி. ஆனால் முன்னால் இருந்து பார்த்தால் இருபத்துநான்கு பேரும் என் வலது பக்கம்தான் பார்க்கிறார்கள். வரிசையாக வைத்தால், அந்தப் பக்கம் யாரோ வருவதுபோல் இருக்கிறது. எதிரி நிற்பது முன்னால்! சிலரை இடது பக்கம், சிலரை நேரே பார்க்க வைக்கலாமே? எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள்?

வருகிறதைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேலையில் லீவு எடுப்பது கஷ்டம். சித்திரையில் கண்காட்சி. அடுத்த கோடையில் கட்டாயம் பார்க்கிறேன். நியமனத்தை ஒரு வருடம் பின்போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன்.

உங்கள் தம்பி,
தனோஜன்

திருகோணமலை,
22.12.2024

தம்பி,

உன் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். பிறகு என் இடத்தில் வந்து அமர்ந்து பார்த்தேன். முன்னால் யன்னல். இடது பக்கம் அப்பாவின் கட்டில். வலது பக்கம் கதவு.

நான் நினைத்துச் செய்யவில்லை. கண் வைக்கும்போது மூச்சை அடக்கி ஒரு புள்ளி வைக்கவேண்டும். அந்த நேரம் என் கண் போன பக்கம் அவர்கள் கண்ணும் போயிருக்கிறது. அந்தக் கதவு பகல் முழுவதும் திறந்துதான் கிடக்கும், தனோஜன். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. அதனால்தான் யாரிடமும் முறையிட ஏலாமல் இருக்கிறது. நீ சொல்லித்தான் எனக்கே தெரிந்தது, நான் அவ்வளவு நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. அன்று அழுதேன். அப்பா தட்டினார். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனேன்.

நியமனக் கடிதம் வந்துவிட்டது. கிளிவெட்டியில் ஒரு பாடசாலை. பெப்ரவரி மூன்று கடமையேற்க வேண்டும். பின்போட ஏலாது. அங்கே படிப்பிக்கும் லக்சாயினி ரீச்சர் தன் வீட்டில் ஒரு அறை தருகிறா. கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறு இங்கே.

அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “அப்ப தம்பியை வரச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன். நான் போகிறேன். நீ வராவிட்டால் பஹ்மியா எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறா, ஆனால் அது அவவின் அப்பா இல்லை.

அக்கா

திருகோணமலை,
20.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் புதுப் போனுக்கு வட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தேன், சொல் வரவில்லை. போன சனிக்கிழமை நீங்கள் வந்தபோது கேட்க நினைத்தேன், அப்பா நடுவில் இருந்தார். இப்போது அவர் கண் அயர்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அதனால் வேகமாக எழுதுகிறேன்.

நான் வந்து இருபது நாள். கடற்கரைக்கு இன்னும் போகவில்லை. கடைக்குப் போய்ச் சவர்க்காரம் வாங்கி வருவதற்குள் தட்டுகிற சத்தம் வீதிக்குக் கேட்கிறது. றுவைஸ் சிரிக்கிறார், “அக்காவுக்குப் பழக்கம், உங்களுக்குப் பழகோணும்” என்கிறார். அப்பாவைப் பார்க்க வைத்த ஆள் திங்கட்கிழமை போய்விட்டார். உங்கள் கதிரையில்தான் இருக்கிறேன். ஊர்ப்படையைக் கொண்டு வந்திருந்தேன் அல்லவா, கண்ணை நானே திருத்தலாம் என்று. மூன்று பேரைத் திருத்திவிட்டு வைத்துவிட்டேன். அவர்கள் பார்த்த பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.

அக்கா, மன்னியுங்கள். எனக்கு உண்மையாகத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொன்னால் அதுதான் சரி.

ஆனால் மார்ச் இரண்டு என் விமானம். அதற்கு மேல் நின்றால் வேலை போய்விடும். நீங்கள் சம்பளமில்லா விடுமுறை கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் போதும். அதற்குள் நான் ஏதாவது செய்கிறேன். சத்தியமாகச் செய்கிறேன். தட்டத் தொடங்கிவிட்டார்.

தனோஜன்

கிளிவெட்டி,
24.02.2025

அன்புள்ள தம்பி,

இன்று ஆறாம் வகுப்புக்கு மாட்டுவண்டி கீறக் கொடுத்தேன். ஒரு பிள்ளை வண்டிச் சில்லை மட்டும் தாள் முழுக்கக் கீறிவிட்டு, மிச்சத்துக்கு இடம் இல்லை ரீச்சர் என்றது. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் இப்படிச் சத்தமாகச் சிரிப்பேன் என்று நீயும் மறந்திருப்பாய்.

சனி ஞாயிறு அங்கே நின்றபோது அப்பாவுக்கு முன்னால் கதைக்க ஏலவில்லை, அதனால் எழுதுகிறேன். விடுமுறை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். புதன்கிழமை சிவராத்திரி, வருகிறேன். அப்பாவுக்குத் தலை முழுக வார்க்கிறேன், நீ கோணேசர் கோயிலுக்குப் போய் வா. வியாழன் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கஞ்சியைச் சூடாகக் கொடுக்காதே, ஆறவைத்து, அவர் வலது கையில் கரண்டியைப் பிடிக்க விடு. பாதி சிந்தும், பரவாயில்லை. கோப்பை பறக்காது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. நீ மன்னிப்புக் கேட்ட பிறகும் இருக்கிறது. உன்மேல் பாசமும் அப்படியே இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

உன் வேலை போகக்கூடும் என்று எனக்குத் தெரியும். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மார்ச் இரண்டாம் திகதி நீ போனால், மூன்றாம் திகதி நான் இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு அப்பாவிடம் ஓடி வருவேன். அது உனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்துதான் அந்தக் கடிதத்தை எழுதினாய். எனக்கும் தெரியும், என்னால் வராமல் இருக்க ஏலாது.

அதனால்தான் கேட்கிறேன் தம்பி. போகாதே.

அக்கா
சிவரூபி