கேலார்டியாவுக்கு அளந்த தண்ணீர்

தம்பின், மலேசியா,
ஞாயிறு காலை

அன்புள்ள ரதிக்கு,

அண்ணி எழுதுவது. கன்சாஸில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உனக்கு மனம் வராது.

தைப்பூசத்துக்கு வந்தபோது கேலார்டியா விதை கொடுத்துவிட்டுப் போனாயே, உங்கள் ஊர்ப் புல்வெளியில் மழை பொய்த்தாலும் வருஷா வருஷம் பூக்கும் என்று. நான்கு நாற்று வந்தது. மூன்று உன் அண்ணன் கையால் போய்ச் சேர்ந்தது.

டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவர் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர்தான் குடிக்கலாம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி லாரி ஓட்டிய காலத்தில் குடம் குடமாய்க் குடித்த மனிதர். இப்போது ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு, தான் குடிக்க முடியாததையெல்லாம் செடிக்கு ஊற்றினார். கேட்டால், "பாவம்லா, அதுவாச்சும் குடிக்கட்டுமே" என்றார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வேர் அழுகிவிட்டது.

மிஞ்சியதை மணலும் உடைந்த செங்கல்லும் போட்ட தொட்டியில் நட்டு, மழை படாமல் தகரக் கூரைக்கு அடியில் வைத்தேன். இனி உங்கள் பாட்டிலில் மிச்சம் வந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்று அவருக்குச் சட்டம் போட்டேன். மிச்சம் எங்கே வரும்? எப்போதாவது நான் ஊற்றும் ஒரு குவளையில் செடி பிழைத்துக்கொண்டது.

நேற்று பூத்தது. நடுவில் குங்குமச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். டயாலிசிஸ் முடிந்து துவண்டு வந்தவர் சட்டைகூட மாற்றாமல் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மயிலம்மாளைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி குடுத்தது" என்று காட்டினார்.

ரதி, உனக்கும் சர்க்கரை இருக்கிறது, அண்ணனுக்கு வைக்க உன் கிட்னியை எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து எங்கள் முகம் பார்க்கக் கூசுகிறாய். அத்தனை தூரம் பறந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றாயே, அதற்கே உன்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் நீ என்ன செய்வாய்?

மாத்திரையை ஒழுங்காகப் போடு. தீபாவளிக்கு வா. அண்ணன் சொல்லச் சொன்னது: "கைய வீசிக்கிட்டு வரச் சொல்லுலா. குடுக்க ஒண்ணும் இல்லன்னா அவ என் தங்கச்சி இல்லாம போயிடுவாளா?"

நீ வரும்வரை செடி தாங்கும் என்கிறார். அவரும் தாங்கட்டும். சீக்கிரம் வா, தாயே.

உன் தட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கும் அண்ணி,
லோகேஸ்வரி