நாற்பது நிமிஷக் கூத்து

2003 ஜூன் 9, திங்கள்

இன்று பரராசசிங்கம் சேர் கூப்பிட்டார். கந்தோரில் எனக்கு மேலதிகாரி. செப்ரெம்பரில் பிரதேசக் கலாசார விழா நடத்தவேண்டுமாம். சண்டைக் காலம் முழுக்க நடக்காத விழா. இப்போது சமாதானம் வந்துவிட்டதால் கலாசாரமும் வரவேண்டுமாம்.

"நீர்தானே கலாசார உத்தியோகத்தர்?" என்றார், சந்தேகத்தோடு கேட்பதுபோல.

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வேலைக்கு வந்ததிலிருந்து நான் செய்த ஒரே கலாசார வேலை, முதியோர் தினத்துக்கு மாலை கட்டியது. என் பிரிவுக்கு ஓர் அலுமாரி இருக்கிறது. கதவில் 'கலாசாரம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். திறந்தால் ஒரு குத்துவிளக்கு, அதைச் சுற்றி நுளம்பு மருந்து அடிக்கும் பம்பிகள். பக்கத்துப் பிரிவுக்கு இடம் காணாதாம்.

"விழா சரிவரவேணும் பிள்ளை. இல்லாட்டி வாற வருஷம் உம்மட ஒதுக்கீட்டையும் விளையாட்டுக்கே குடுத்திடுவினம். கரப்பந்தெண்டால் பந்தையும் வலையையும் வாங்கினால் அலுவல் முடிஞ்சுது."

பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தது கரப்பந்திடம் தோற்கவா?

ஜூன் 10

பம்பிகளை வெளியே எடுத்து வைத்தேன். பின்னேரம் பார்த்தால் திரும்ப உள்ளே இருக்கின்றன.

ஜூன் 21, சனி

சுருவிலுக்குப் போனேன். அங்கே கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள் விடியவிடியப் பாடி ஆடும் நாட்டுக்கூத்தில் பேர்போனவை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்கள், கூரை போட முதலே கூத்தைத் தொடங்கிவிட்டார்களாம். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் லியோன் அண்ணை. மத்தளமும் அவர்தான். வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆடுவியள் அண்ணை?"

"பொழுதுபடத் தொடங்கினால் விடியும்."

"எங்களிட்டை இருக்கிறது நாற்பது நிமிஷம்."

வலையைக் கீழே வைத்தார். "இஞ்சை வா ஜசிந்தா, வந்து இதைக் கேள்!" என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

அவருடைய மனைவி ஜசிந்தா அக்கா அகப்பையோடு வந்தா. விஷயத்தைக் கேட்டதும், "நாற்பது நிமிஷத்திலை கட்டியகாரன் செருமித்தான் முடிப்பான்," என்றா. கட்டியகாரன் என்பவன் ராசா வருகிறார் என்று முன்னால் வந்து சொல்லுகிறவன்.

அதோடு மற்றக் குண்டையும் போட்டேன். விழா பகலில். நயினாதீவுச் சனம் குறிகட்டுவான் துறையில் கடைசி வள்ளத்தைப் பிடித்தாகவேண்டும்.

"வெயிலுக்குள்ளையோ? ராசாவோ?"

"ஏன் அண்ணை, ராசாமார் பகலிலை வெளிக்கிடுறேல்லையோ?"

சிரித்துவிட்டார். சிரித்தவர் சம்மதித்தமாதிரித்தான்.

தேத்தண்ணி தந்தார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா, "குடிச்சனியோ?" என்று மட்டும் கேட்டார். வேலணையில் வயல் வைத்திருக்கிற வைத்திலிங்கத்தாரின் மகள் சுருவிலில் கடற்றொழில் செய்கிறவர்கள் வீட்டில் வாய் நனைத்தாளா என்ற கேள்வி. குடித்தேன். நல்ல சாயம்.

ஜூலை 3

நிகழ்ச்சி நிரல் வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை. இவ்வளவுக்கும் நடுவில் கலை. ஒரு வாழ்த்துரையையாவது எடுக்கலாமா என்று சேரிடம் கேட்டேன்.

"பேச்சை வெட்ட ஏலாது பிள்ளை. பேசுறவை கோவிப்பினம். கலையெண்டால் பொறுக்கும்."

ஜூலை 19, சனி

கூத்தை வெட்டும் கூட்டம். லியோன் அண்ணை வீட்டு முற்றத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். இரண்டு ராசா, இரண்டு மந்திரி, ஒரு தளபதி, கட்டியகாரன், ராணியாக ஆடும் டிலோன். ஒவ்வொருவருக்கும் 'வரவு' என்று ஒன்று உண்டு. முதல்முதல் மேடைக்கு வரும்போது பாடி ஆடுவது. கூத்தாடுகிறவனுக்கு அதுதான் உயிர் என்று இன்றுதான் விளங்கியது.

"இரண்டாவது மந்திரியின்ரை வரவை எடுப்பமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

இரண்டாவது மந்திரி எழும்பி நின்றார். "என்ரை மாமியார் ஆக்கள் மண்டைதீவிலையிருந்து வருகினம். நான் சும்மா நடந்து வாறதோ?"

தளபதி இல்லாமல் சண்டை இல்லை. கட்டியகாரன் இல்லாமல் ஒருவரும் வர ஏலாது. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தலை இடித்தது. இந்த ஆம்பிளையளோடை மாரடிக்கவோ நான் படிச்சனான்?

அப்போது குசினிக்குள் இருந்து ஜசிந்தா அக்கா சொன்னா: "அப்ப கதையை வெட்டுங்கோவன். கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. முடிவு: வரவு ஏழும் இருக்கும். கதை இராது.

ஜூலை 20

அப்பாவிடம் சொன்னேன். "கதையில்லாத கூத்தோ? கச்சேரி ஒண்டை வைச்சிருக்கலாம். உது வெறும் கத்தல்," என்றார். அம்மா அரிசி புடைத்தபடி, "ராணி என்ன நிறச் சீலை உடுப்பா?" என்று கேட்டா.

"ஆம்பிளைதான் அம்மா ராணியா வாறது."

"அப்ப சீலை ஒழுங்கா நிக்காது," என்றா.

ஓகஸ்ட் 16, சனி

ஒத்திகை. டிலோனுக்கு மீசை. ஐப்பசியில் அவனுக்கும் ஜெனீற்றா என்ற பிள்ளைக்கும் கலியாணம். "மீசையோடை பாத்துத்தான் அவள் ஓமெண்டவள். வழிச்சுப்போட்டு மாறிச் சொன்னாளெண்டால் நீங்களோ பொறுப்பு?" லியோன் அண்ணை கெஞ்சியும் பார்த்தார், ஏசியும் பார்த்தார். கடைசியில் ராணிக்கு முக்காடு போடுவதென்று முடிவு.

ராணியின் பாட்டில் டிலோன் இரண்டு இடத்தில் பிழைவிட்டான். இரண்டு தரமும் குசினியிலிருந்து சரியான அடி வந்தது. என்ன குரல்! நான் லியோன் அண்ணையிடம் கேட்டேவிட்டேன்: "அக்காவையே ராணியா விட்டால் என்ன?"

"பொம்பிளையள் மேடையேறுற வழக்கம் எங்களிட்டை இல்லைத் தங்கச்சி."

அதன் பிறகு குசினிக்குள் சட்டிபானைகள் பேசிய பேச்சு மத்தளத்தையும் மேவிக் கேட்டது.

செப்ரெம்பர் 12

மேடைக்கு மரம் இல்லை. பள்ளிக்கூடத்து மேசைகளைச் சேர்த்துக் கட்டலாம் என்கிறார் சேர். ஏழு பேர் அதன் மேல் துள்ளப்போகிறார்கள். ஆண்டவரே. முருகா. இரண்டு பேரும்.

செப்ரெம்பர் 26, வெள்ளி

உடுப்புகளை வானில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சோதனைச் சாவடியில் நேவிக்காரப் பெடியன் சாக்கை அவிழ்த்தான். தகரம் சுற்றிய மரவாள்கள்.

"என்ன இது?"

"வாள்," என்றார் லியோன் அண்ணை.

"யாருக்கு?"

"ராசாவுக்கு."

"எந்த ராசா?"

"எங்கட ராசா."

நான் நடுவில் விழுந்து, சிங்களத்தையும் இங்கிலீசையும் கலந்து நாடகம், விழா, கந்தோர் என்று தெரிந்ததெல்லாம் சொன்னேன். அவன் கிரீடத்தைத் தூக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு மெல்லத் தன் தலையில் வைத்து, வானின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்தான். அவனுக்குப் பொருந்தித்தான் இருந்தது. மேலதிகாரி வருகிற சத்தம் கேட்டதும் பறித்து எங்களிடம் தந்து, "போ, போ," என்றான். தலைமயிரில் மினுக்கம் ஒட்டியிருந்ததை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 27, சனி

முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

சனம் நிறைய. அப்பா முன் வரிசைக் கதிரையில், பல்லுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்போல இருந்தார். பக்கத்தில் அம்மா. பேச்சுகள் நீண்டன. இரண்டாவது வாழ்த்துரைக்காரர் சங்ககாலத்திலிருந்து தொடங்கினார். கூத்துக்கு மிஞ்சியது அரை மணித்தியாலம்.

"இனி என்னத்தை வெட்டுறது தங்கச்சி?" என்றார் லியோன் அண்ணை. "வெட்டக் கதையும் இல்லையே."

"கெதியா ஆடுங்கோ அண்ணை!"

கட்டியகாரன் வந்தான். ராசா வந்தார். நல்ல வெயில். கண்ணாடிமணி உடுப்பு மின்னி, முன்னால் இருந்தவர்கள் கண்ணைப் பொத்தினார்கள். ஆனால் மத்தளம் ஏற ஏற, மேசைகள் தடதடவென்று அதிர அதிர, சனம் முன்னுக்கு நகர்ந்தது. மந்திரி வந்தார். மண்டைதீவு மாமியார் விசிலடித்தா. வந்தவர் எல்லாரும் ஆடி முடித்துப் பின்னால் வரிசையில் நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

கடைசியாக ராணி. முக்காட்டோடு டிலோன். முதல் அடி பாடினான். சோளகக் காற்று ஒரே இழுவையில் முக்காட்டைக் கொண்டுபோய்ப் பூவரச மரத்தில் போட்டது.

மீசை. அதற்குக் கீழே சிவப்புச் சாயம்.

சனம் சிரித்த சிரிப்பு! டிலோன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். பாட்டு நின்றுவிட்டது. மத்தளம் மட்டும் போகிறது. சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். கரப்பந்துதான். நான் போய் வலை கட்டவேண்டியதுதான்.

அப்போது மேடைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கேத்திலோடு நின்ற ஜசிந்தா அக்கா கேத்திலை நிலத்தில் வைத்தா. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. ஏறினா. நின்றுபோன அடியிலிருந்தே பாட்டை எடுத்தா.

லியோன் அண்ணையின் கை ஒருதரம் தாளம் தப்பியது. ஒரேயொருதரம்.

சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. சாதாரண நீலச் சீலை, வெறுங்கழுத்து, ஆனால் அங்கே நின்றது ராணிதான். வேறு ஆரெண்டு சொல்லுறது? நேரம் முடிந்தால் மணியடிக்கவேண்டிய பரராசசிங்கம் சேர், மணியின் நாக்கை விரலால் பிடித்தபடி இருந்தார். அம்மா எழும்பி நின்றுவிட்டா. பின்னால் இருந்தவர்கள் மறைக்குது மறைக்குது என்று கத்தினார்கள். அம்மா திரும்ப இருக்கவில்லை.

பிறகு மங்களம். பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்: "அப்ப சண்டை எங்கை?"

போகும்போது லியோன் அண்ணை வானின் முன்னால் மத்தளத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். ஜசிந்தா அக்கா கடைசி ஆசனத்தில் கேத்திலோடு. இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் குழப்பிப்போட்டேனோ?

செப்ரெம்பர் 29, திங்கள்

சேர் கூப்பிட்டார். "ஒரு முறைப்பாடும் வந்திருக்கு, ஒரு அழைப்பும் வந்திருக்கு. ரெண்டும் ஒரே ஆளிட்டையிருந்து."

நயினாதீவு சனசமூக நிலையத் தலைவர் குலசிங்கம். வள்ளத்தில் போன சனம் முழுக்க அந்த ராசாமாருக்குப் பிறகு என்ன நடந்தது என்று சண்டையாம். கதையைச் சொல்லாமல் விட்டது ஏமாற்று என்பது முறைப்பாடு. வந்து முழுதாக ஆடவேண்டும் என்பது அழைப்பு.

"அந்த மனுசியும் வரவேணுமாம்," என்றார் சேர். "கரப்பந்துக்காரருக்கு நான் பாத்துச் சொல்லுறன்."

ஒக்ரோபர் 11, சனி

சுருவில். டிலோன் இனி ஜென்மத்துக்கும் ராணி ஆடமாட்டானாம். ஜெனீற்றா வேலிக்கு வெளியே நின்று பார்த்தவளாம். கலியாணத்துக்கு ஓமென்றவள், கூத்துக்கு இல்லையென்றுவிட்டாள்.

"அப்ப நயினாதீவிலை ஆர் ராணி?" என்றேன்.

லியோன் அண்ணை வலையைப் பார்த்தார். "நீரே கேளும் தங்கச்சி. நான் கேட்டால் மறுமொழி இல்லை. சோறு மட்டும் வருகுது."

ஜசிந்தா அக்காவிடம் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தா. "புருசனாக் கேட்டால் நான் என்னத்துக்கு மறுமொழி சொல்லுறது? ஊரிலை ஆம்பிளையளிட்டை எப்பிடிப் போய்க் கேக்கிறவர்? அண்ணாவியாரா வந்து கேக்கச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். எழும்பி, கொடியில் கிடந்த சேட்டைப் போட்டு, படலையைத் திறந்து றோட்டுக்குப் போய், தன் வீட்டுக்குத் தானே திரும்பி வந்தார். வாசலில் நின்று செருமினார்.

"வீட்டிலை ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம், வாங்கோ," என்றா ஜசிந்தா அக்கா, கையைக் கழுவிக்கொண்டு. "இருங்கோ."

அவர் தன் கதிரையிலேயே நுனியில் இருந்தார். "எங்கட கூத்திலை ராணிக்கு ஒரு ஆள் தேவை. நீங்கள்..." சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். "நீங்கள் நல்லாப் பாடுவியளெண்டு கேள்வி."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றா.

நான் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஏன் கண்ணில் தண்ணீர் வந்ததென்று தெரியாது.

2004 ஜனவரி 18

நயினாதீவில் நேற்றிரவு முழுக் கூத்து. இரண்டாவது ராசா தோற்கும்போது விடிந்துவிட்டது. குலசிங்கம் அழுதார். ராணி, ஜசிந்தா அக்காதான், யாருக்காகவும் இரங்கவில்லை.

பெப்ரவரி 2

பெண்களுக்குக் கூத்து வகுப்பு. சனி பின்னேரங்களில் சுருவிலில், ஜசிந்தா அக்கா பழக்க, கந்தோர் ஆதரவு. சேர் கையெழுத்து வைத்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து ஓர் ஆளாவது வராவிட்டால் மானம் போகும். வேலணையில் ஆர் தங்கட பொம்பிளையளை விடப்போகினம்?

பெப்ரவரி 7

அம்மா போய்ப் பேர் கொடுத்திருக்கிறா. என்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை.

பெப்ரவரி 21, சனி

அம்மாவுக்கு இரண்டாவது ராசா வேஷம். மத்தியானமே பஸ் ஏறிவிட்டா. பொழுதுபட்டும் காணவில்லை. ஒத்திகை நீண்டுவிட்டதாம், கடைசி பஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து வருவார்களாம் என்று கொண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அப்பாவும் புட்டு அவிக்கிறோம். அப்பா தேங்காய் துருவத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் துருவலைச் சத்தத்தோடு மெல்லிய குரலில் ஏதோ கேட்டது. முதலாவது ராசாவின் வரவு. கிழமை முழுக்க வீட்டில் அம்மாவுக்கு எதிர்ராசாவாக நின்று பாடம் கேட்டவர் அவர்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார். மாவைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.