எங்களிடம் சரியாக வேலை செய்கிறது

அக்காவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பாவின் கண்ணாடியும் போனும் உன்னிடமே இருக்கட்டும். அவற்றைக் கேட்க எழுதவில்லை.

அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில், "நீ செஞ்ச ஆப் மாத்திரை நேரத்துக்கு ஏன்டா மணி அடிக்கல?" என்று கேட்டாய். "பழைய போன், அதான்" என்றேன். அது பாதி பதில்தான்.

நேற்று அலுவலகத்தில் பழைய புகார்களைப் புரட்டினேன். ஒன்றில் இப்படி இருந்தது: "சார், மூணு நாளா மணி அடிக்கல. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். முடியும்போது பாருங்க." என் புதுப் போனில் சோதித்துவிட்டு, "எங்களிடம் சரியாக வேலை செய்கிறது" என்று பதில் போட்டுப் புகாரை மூடியிருக்கிறேன். புகார் வந்த எண்ணை நேற்றுதான் கவனித்தேன். அப்பாவுடையது. படிப்பது யாரென்று அவருக்கும் தெரியாது. அந்த வாரம் அவர் என்னை இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

பிழையைத் திருத்திவிட்டேன். அதே பதிலை வாங்கிய எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். "அடிக்கலன்னு சொன்னா நம்ப மாட்டியாப்பா?" என்றார் ஒரு அம்மா. நாள் முழுக்க நான் பேசுவது இவர்களோடு மட்டும்தான். திட்டினாலும் போனை வைக்க மனம் வருவதில்லை.

இனி எந்தப் புகாரையும் நாங்களே மூட முடியாதபடி மாற்றிவிட்டேன். புகார் சொன்னவர் தன் போனில் 'சரியாகிவிட்டது' என்று அழுத்தினால்தான் மூடும். அப்பாவுடையதைத் திரும்பத் திறந்திருக்கிறேன். அவர் போனில் அந்தப் பொத்தான் வந்திருக்கும்.

நீ அழுத்திவிடாதே.

உன் தம்பி