மலை என்பதன் பொருள்

14 ஜூன் 2025, சனி. தெப்ராவ், ஜொகூர்

காலையில் மரியநாதன் அழைத்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. இடைநிலைப் பள்ளியில் என் பக்கத்து நாற்காலி. அக்டோபரில் இரண்டு வாரம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

"நெவாடா, டா. இந்த வாட்டியும் கழண்டுக்கிட்டா, உன்ன செம்பனைத் தோட்டத்துக்கு உரமா போட்டுருவேன்."

ஜனவரியில் அவன் பெர்த்துக்கு, மகள் அபிகெயிலிடம் குடிபெயர்கிறான். ஆகவே இந்த அக்டோபர். இல்லையெனில் இனி இல்லை. 2016-இல் ஒரு முறை, 2019-இல் ஒரு முறை திட்டமிட்டோம். இரண்டையும் ரத்து செய்தவன் நான். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த பதினோரு ஆண்டுகளில் நான் ஜொகூருக்கு வெளியே ஒரு நாளும் தங்கியதில்லை. சென்ற டிசம்பரில் அவர் காலமானார்.

அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பாலைவனத்தைப் பற்றி மீண்டும் படித்தேன். அரசாங்கப் பொது நிலம். வேலி இல்லை, சீட்டு இல்லை. பெரும்பாலான இடங்களில் யாரிடமும் அனுமதி கேளாமல் பதினான்கு நாள் வரை கூடாரம் அடித்துத் தங்கலாம். இருபத்தாறு ஆண்டுகளாக நிலப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இங்கே ஒவ்வொரு சதுர அடிக்கும் ஓர் எண், ஒரு பெயர், சில வேளை ஒரு கேவியட். அது பதிவாகிவிட்டால் அந்த நிலத்தை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. 'நீ யார்?' என்று கேட்காத நிலம் ஒன்று இருக்கிறது என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். வாய்மொழியாக மட்டும்.

22 ஜூன், ஞாயிறு

கூலாயில் அக்கா வீட்டில் மதிய உணவு. விஷயத்தைச் சொன்னேன். அக்கா ரசம் ஊற்றிய கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டார்.

"அந்த ஊர்ல மலை இருக்கா?"

"பாலைவனம் அக்கா. சுற்றிலும் மலை இருக்கும்."

"அப்பா தவறி வருஷம் திரும்பல. திதி வரைக்கும் மலை ஏறக் கூடாது தம்பி. தெரியாதா உனக்கு?"

"என் ஆபீஸ் மூணாவது மாடி அக்கா. தினமும் ஏறுறேன்."

"மாடி வேற, மலை வேற. லாயர் புத்திய என்கிட்ட காட்டாத."

தைப்பூசத்தன்று அவர் பத்துமலை ஏறியதை நினைவூட்டினேன். பதில் தயாராக இருந்தது. "நான் கட்டிக் குடுத்த பொண்ணு. எனக்கு மூணு நாள்தான் தீட்டு. நீ மகன். ஒரே மகன்."

அவருக்குச் செல்வராணி என்று பெயர் வைத்ததில் அப்பா தவறு செய்யவில்லை.

3 ஜூலை, வியாழன்

'மலை' என்றால் என்ன? எந்தச் சட்டத்திலும் சொற்களின் பொருள் முதலில் வரையறுக்கப்படும். அக்காவின் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. மலைக்கோயில் மட்டுமா, தெய்வம் குடியிருப்பதாகக் கருதப்படும் மலை அனைத்துமா, தரையினின்று உயர்ந்த எதுவுமா? முதல் பொருளே சரி என்று ஒன்பது பக்கக் கருத்துரை எழுதி, அச்சிட்டும் விட்டேன். அக்காவிடம் காட்டப்போவதில்லை.

பிறகு யாருக்காக எழுதினேன்?

20 ஜூலை, ஞாயிறு

பயிற்சிக்காக மரியநாதன் என்னைப் பூலாய் மலைக்கு அழைத்துச் சென்றான். அங்கே கோயில் இல்லை. என் கருத்துரையின்படி தடையும் இல்லை. அடிவாரத்தில் காலணிக் கயிற்றைக் கட்டினேன். அவிழ்த்து மீண்டும் கட்டினேன். கால் எழவில்லை. கார் நிறுத்துமிடத்தில் இரண்டரை மணி நேரம் செய்தித்தாள் படித்தேன். நனைந்து இறங்கி வந்தவன் ஒரு வாழைப்பழத்தை நீட்டினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

8 ஆகஸ்ட், வெள்ளி

பயணக் கோப்பு நூற்று நாற்பது பக்கத்தைத் தொட்டுவிட்டது: தண்ணீர்க் கணக்கு, பாம்புக்கடி, வாடகைக் காரின் காப்புறுதி, செயற்கைக்கோள் தொலைபேசி. என் எழுத்தர் லோஷினி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாஸ், நீங்க டூர் போறீங்களா, கேஸ் போடப் போறீங்களா?"

27 ஆகஸ்ட், புதன். கோலாலம்பூர்

விசா நேர்காணல். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி. என் கோப்பை அவர் கேட்கவே இல்லை.

மனைவி? இல்லை. பிள்ளைகள்? இல்லை. பெற்றோர்? இருவரும் காலமாகிவிட்டார்கள்.

அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்படியானால், நீங்கள் நாடு திரும்பியே ஆக வேண்டும் என்பதற்கு என்ன காரணம்?"

பதினோரு ஆண்டு அசைய முடியாமல் இருந்தவனிடம், கட்டுண்டவன் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். காகிதத்தில் எதுவும் இல்லை! வீடு? பூட்டிவிட்டு வரலாம். அலுவலகம்? விற்கலாம்.

"நவம்பர் 29 என் தந்தையின் முதலாண்டுத் திதி," என்றேன். "அந்தச் சடங்கை மகன்தான் செய்ய வேண்டும். நான் ஒரே மகன்."

"வேறு யாராவது செய்யலாமா?"

"முடியாது. எங்கள் வழக்கம் என்னைக் கட்டுப்படுத்துகிறது."

விசா கிடைத்தது.

28 ஆகஸ்ட், வியாழன்

'எங்கள் வழக்கம் என்னைக் கட்டுப்படுத்துகிறது.' சொன்னது நான். சொல்லி அதன் பலனையும் பெற்றுக்கொண்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

மலை ஏறமாட்டேன் என்று மரியநாதனிடம் சொல்லிவிட்டேன். ஒரு பத்திரத்தின் பலனை எடுத்துக்கொண்டவன் அதே பத்திரத்தின் சுமையை மறுக்க முடியாது. எந்த நீதிமன்றமும் ஏற்காது. திதிக்காகத் திரும்புவேன் என்று வழக்கத்தைக் காட்டி விசா வாங்கிவிட்டு, அதே வழக்கம் விலக்கும் மலையில் ஏறுவது எப்படி? ஆகவே திட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தேன்: அவன் மலை ஏறும் நாட்களில் நான் அடிவாரத்தில் கூடாரத்தைப் பார்த்துக்கொள்வேன்.

"அலமாக்! பதினாலாயிரம் கிலோமீட்டர் பறந்து போயி அடிவாரத்துல உக்காரப் போறியா? அதுக்கு இங்க பூலாய் கார் பார்க் போதாதா?"

"விசா குடுத்த அந்த அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன், மரியா."

"அவங்க அன்னைக்கே மறந்துருப்பாங்க லா! உங்க அப்பாவ குறை சொல்ல மாட்டேன், அவரு எழுந்திரிக்க முடியாம கிடந்தாரு. இப்ப நீ எதுக்குடா படுத்துக் கிடக்குற?"

வைத்துவிட்டான்.

என்ன சொல்றான் இவன். பதினோரு வருஷம் புரட்டிப் போட்டு, துடைச்சு, ஊட்டி விட்டது யாரு — இவனா? இவன் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து தாடி மழிச்சு விடுவான், சரி, அது உண்மைதான். அதையும் எழுதத்தான் வேணும். ஆனா அந்த ரெண்டு டிக்கெட்ட கேன்சல் பண்ணப்போ எனக்கு வருத்தமா இருந்துச்சா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு. நிம்மதியா இருந்துச்சு. ரெண்டு வாட்டியும்.

இந்த வரிகளை அடிக்கப்போவதில்லை. இருக்கட்டும்.

16 செப்டம்பர், செவ்வாய்

மரியநாதனிடமிருந்து குறுஞ்செய்தி: 'அடிவாரப் பிரிவு ஏற்கப்பட்டது. நாற்காலி நீயே தூக்கிட்டு வரணும்.'

17 அக்டோபர், வெள்ளி

நாளை புறப்பாடு. இவ்வாண்டு எங்களுக்குத் தீபாவளி இல்லை. யாருக்கும் விளக்கம் சொல்லாமல் கிளம்ப அதுவாவது உதவுகிறது. அக்கா அழைத்தார்.

"ஏற மாட்டல்ல?"

"மாட்டேன் அக்கா."

"அங்க சோறு கிடைக்குமா?"

"அரிசி கொண்டு போறேன்."

"நெத்திலி சம்பல் செஞ்சு வச்சிருக்கேன். போற வழியில வாங்கிட்டுப் போ." பிறகு, "நல்லபடியா போயிட்டு வா தம்பி," என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. பையில் சம்பலுக்கு இடம் ஒதுக்கினேன்.

23 அக்டோபர், வியாழன். நெவாடா

காலை ஏழு மணிக்குக் காரை மண் பாதையில் விட்டுவிட்டு, எதிரே தெரிந்த மலையை நோக்கி நடக்கத் தொடங்கினோம். இடையே சமவெளி: சரளைக்கல், முழங்கால் உயரப் புதர். நான்கு மணி நேரத்தில் ஒரு மனிதன் இல்லை, ஒரு பலகை இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாறை தொடங்கும் இடம் வந்ததும் பையை இறக்கி வைத்தேன்.

"இதான் அடிவாரம். நீ போயிட்டு வா."

மரியநாதன் உயரமும் காட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு இருமல் வரும்வரை சிரித்தான்.

"லாயரே, கார்லேர்ந்து இங்க வரைக்கும் எவ்ளோ உயரம் தெரியுமா? நானூத்து நாப்பது மீட்டர். சமவெளின்னு நெனச்சுக்கிட்டு காலையிலேர்ந்து ஏறிக்கிட்டே இருக்க."

நான் திரும்பிப் பார்த்தேன். கார் வெகு கீழே ஒரு கண்ணாடித் துணுக்குபோல் மின்னியது. தரை அவ்வளவு மெதுவாக உயர்ந்திருக்கிறது. என் கால்களுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தை வாங்கி வரைபடத்தின் உயரக் கோடுகளோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். கணக்கு சரி.

"இறங்கணுமா?" என்றான். இப்போது சிரிக்கவில்லை. நான் இறங்கியிருந்தால் அவனும் இறங்கியிருப்பான்.

பாறை நிழலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவை நினைத்தேன். இப்போது என்னைக் கட்டிப்போட்டிருப்பது அவரல்ல. திதிக்குத் திரும்பிவிடுவேன், அதில் மாற்றமில்லை. அக்காவிடம் உண்மையைச் சொல்வேன்; அதிலும் மாற்றமில்லை. பிறகு எழுந்து முதுகுப்பையை மாட்டிக்கொண்டேன். மரியநாதன் ஒதுங்கி வழிவிட்டான்.

இதை எழுதும் இடம் அங்கிருந்து இருநூறு மீட்டர் மேலே. பதிவுக்காக: முதல் நானூற்று நாற்பது மீட்டர் அறியாமல் ஏறியது. இந்த இருநூறு அறிந்தே ஏறியது.