எனக்கா, என்னையா

என் அன்பு ஜெயந்தி அக்காவுக்கு,

சுவிஸின் ஆராவ் முதியோர் இல்லத்தில் நாம் சேர்ந்து வேலை செய்த மாடிக்கு இப்போது நான்தான் பொறுப்பு. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை இன்று உங்கள் அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்: உங்கள்மேல் புகார் எழுதியவள் நான்தான்.

நீங்கள் பராமரித்த பரமேசம்மா அன்று என்னிடம் சொன்னது ஒரே வசனம். "ஜெயந்தி காலமை காலமை எனக்கு அடிச்சுத் தாறவள்." இங்கே பிறந்து வளர்ந்த என் காதில் அந்த 'அடிச்சு' மட்டும்தான் விழுந்தது. அவர் கை வேறு நீலமாகக் கன்றியிருந்தது. 'தினமும் என்னை அடிக்கிறாள்' என்று ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். 'எனக்கு', 'என்னை': என் அரைகுறைத் தமிழுக்கு இரண்டும் ஒன்று.

மறுநாளே உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். என்ன குற்றம் என்று சொல்லவில்லை. உங்களோடு கதைக்கக் கூடாதென்று எங்களுக்கும் கட்டளை. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நீங்கள் கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லையாம். பரமேசம்மாவோ காலைச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து மெலிந்துபோனார். அவரைக் காப்பாற்றத்தானே அந்த விசாரணை?

கடைசியில் ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அவரிடமே கேட்டார். "என்னத்தை அம்மா அடிச்சுத் தாறவ?"

"முட்டைக் கோப்பி. வேற என்னத்தை? அவள் எங்கை, காணேல்லை?"

கன்றல், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையால் வந்தது.

நீங்கள் திரும்பி வந்த அன்று நான் அழுதுகொண்டு நின்றேன். குசினியில் முட்டையை அடித்தபடியே சொன்னீர்கள். "நீ அறிவிச்சது சரி பிள்ளை. உண்மையா ஆரும் அடிச்சிருந்தா அந்த மனுசி ஆரிட்டைச் சொல்லுறது? ஆனா என்னட்டையும் ஒருக்காக் கேட்டிருக்கலாமெல்லோ?"

கோபம் இருந்தது. அதை நீங்கள் மறைக்கவுமில்லை, என்மேல் கொட்டவுமில்லை. அப்படி ஒரு மனசை நான் வேறெங்கும் பார்க்கவில்லை அக்கா. என்னால் முடிந்திருக்குமா?

போன கிழமை புதிதாக வந்த தாதி ஒருத்திமேல் புகார். முறையிட்ட முதியவரின் வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுதினேன். அன்றே அவளையும் கூப்பிட்டு, என்ன புகார் என்று சொல்லி, அவள் தரப்பையும் எழுதினேன். முடிவு தெரியும்வரை வேறு மாடியில் வேலை செய்கிறாள். தவறு செய்தாளா? இன்னும் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். உங்களிடம் அன்று கேட்காத கேள்வியை இனி ஒருவரிடமும் கேட்காமல் விடமாட்டேன்.

நீங்கள் 'பிள்ளை' என்றே கூப்பிட்ட
உங்கள் தங்கச்சி,
ரம்யா