தண்ணீரில் நின்ற கார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால், அம்மா பழைய கதையை ஆரம்பிச்சுட்டீங்களா என்று பாதியிலேயே வெட்டிவிடுகிறாய். போனும் உன் மகளுடையது, நான் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறாள். காகிதத்தை நீ வெட்ட முடியாது, கடைசி வரை படி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்தது நாலாவது வரைதான்.

உன் மகளுக்கு இந்த வருஷம் பாதிப் படிப்பு ஆஸ்பத்திரியில். மலைச்சரிவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, இரண்டு தடவை அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். அதனால் கார் கேட்கிறாள், நியாயம்தான், நான் குறுக்கே நிற்கவில்லை. எந்தக் கார் என்பதில்தான் எனக்குப் பயம். உன் அத்தை மகன் புதுக் கார் வாங்கிவிட்டானாம், பழையதை நம்ம பிள்ளைக்கே மலிவாகத் தரலாம் என்று உன் அத்தை சொல்லி அனுப்பினாள், நீயும் சரி என்றுவிட்டாய். அந்தக் காரை எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் பெருமழையில் வாய்க்கால் உடைந்ததே, அப்போது மருந்துக்கடைக்கு எதிரே இரண்டு நாள் அது தண்ணீரில் நின்றது. மாத்திரை வாங்கப் போனபோது என் கண்ணால் பார்த்தேன், சீட்டு வரைக்கும் தண்ணீர், உள்ளே ஒரு நீலச் செருப்பு மிதந்தது.

போன சனிக்கிழமை நானும் உன் மகளும் காரைப் பார்க்கப் போனோம். உன் அத்தை வீட்டு வாசலை நான் தாண்டவில்லை, தெருவில் நின்றே பார்த்தேன். உன் அப்பா இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவர், வீட்டில் அவர் பேசியதெல்லாம் வண்டிதான், எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டி கழுதை மாதிரி, உதைக்கிற நாளை முன்கூட்டிச் சொல்லாது என்பார். பானெட்டைத் தொட்டேன், சுட்டது. ஆறிக் கிடக்கிற வண்டி ஒரே தடவையில் கிளம்புகிறதா என்று பார்க்க விடாமல், நாங்கள் போவதற்கு முன்பே உன் அத்தை மகன் ஒரு சுற்று ஓட்டி வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். உள்ளே எல்லாம் புது உறை, மூக்கை அடைக்கிற மாதிரி வாசனை வேறு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், அவ்வளவு தூரம் யாரும் இழுத்துக் கழுவ மாட்டார்கள். பெல்ட்டின் அடி முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த சேறு. நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தது.

அங்கேதான் நான் கெட்டேன். சேற்றைக் காட்ட வாயைத் திறக்கிறேன், உன் அத்தை வாசலுக்கு வந்து, உள்ள வாங்க அண்ணி, வந்து உட்காருங்க என்றாள். உட்காருங்க என்று காதில் விழுந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பதினொரு வருஷத்துக்கு முன் அவள் மகன் கல்யாணத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை, கொஞ்சம் எழுந்துக்கோங்க அண்ணி, பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க என்று எழுப்பிவிட்டவள் இவள். கடைசி வரை தூணோடு தூணாக நின்றேன். அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், நாற்காலி பச்சை நிறம் என்பது வரைக்கும் சொன்னேன். முதலில் சேற்றைச் சொல்லியிருக்க வேண்டும், நான் நாற்காலியைச் சொன்னேன். அதற்குப் பிறகு சேறு என்றால் யார் கேட்பார்கள். பிள்ளை என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள். பாட்டி, உங்களுக்கு அத்தைப் பாட்டி மேலதான் கோபம், அந்தக் கார் என்ன பண்ணுச்சு பாவம் என்றாள். மெக்கானிக்கிடமாவது காட்டு என்றேன். சொந்தக்காரங்க வண்டிக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா அப்புறம் அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது, அப்பாவே வேண்டாம்னுட்டார் என்றாள். நீயா சொன்னாய். சொந்தம் என்றால் பிரேக் கூடவா தயவு பார்த்துப் பிடிக்கும்.

முனையில் இருக்கிற மெக்கானிக்கிடம் நானே போய்க் கேட்டேன். வண்டியைப் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, ஆனா நீங்க சொல்றது நிஜம்னா ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும், ஓடிட்டிருக்கும்போதே பட்டுனு அணைஞ்சுடும், பிரேக்கை மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும் என்றான். அந்த மலை இறக்கத்தை நினைத்துப் பார்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை, பதினொரு வருஷம் மிதிக்காத படியை மிதித்தேன். உன் அத்தை காட்டின நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் பேத்தியா இருந்தா இந்தக் காரைக் கொடுப்பியா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு என்றேன். அவள் அழுதுவிட்டாள். அண்ணி நீங்க வந்ததே போதும், என் மகன் மூணு வருஷமா ஓட்டலையா, ஒரு குறையும் இல்ல என்றாள். பொய் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நான் வீடு திரும்புவதற்குள் உன் மகளுக்குப் போன் போய்விட்டது. பாட்டியே போய்ச் சம்மதம் சொல்லிட்டாங்க என்று பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். இல்லை என்று நாலு தடவை சொன்னேன், வெட்கப்படறீங்க பாட்டி என்கிறாள். வண்டிப் பேப்பரில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, வருகிற திங்கட்கிழமை முதல் அதில்தான் போகப்போகிறாள். பொய் சொல்லிப் பேர் கெட்டவர்களைப் பார்த்திருப்பாய், நான் எதையும் மறக்காமல் சொல்லிச் சொல்லியே பேர் கெட்டவள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அது வரைக்கும் நானும் அவளோடு போகிறேன். கண்ணுக்குத் தினமும் மருந்து விட ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறேன், இந்தப் பொய்யை மட்டும் உடனே நம்பிவிட்டாள். பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். இறக்கத்தில் வண்டி அணைந்தால் என்னால் என்ன ஆகப்போகிறது, ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அவளைத் தனியாக ஏற்றி அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், குறைவில்லாமல் நன்றாக இருங்கள். மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். படித்ததும் கூப்பிடு, மெக்கானிக்கிடம் காட்டச் சொல், உன் யோசனையாகவே சொல், என் பேரை மட்டும் எடுக்காதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா